நன்றி இல்லாத நன்றியுரை

அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தபோது, திண்டிவனத்தில் எங்கள் ஆபீசில் உட்கார்ந்து யாருடைய வீட்டுக்கோ மாடிப்படி வரைந்துகொண்டிருந்தேன். வீட்டு பிளான் வரைவதுதான் என் வேலை. விழுப்புரத்தில் நான் வழக்கமாகப் போகும் புத்தகக் கடையின் அடுத்த மாத நிகழ்ச்சிகள் அதில் இருந்தன. முதல் ஞாயிறு எழுத்தாளர் சந்திப்பு. இரண்டாம் ஞாயிறு குழந்தைகள் கதை சொல்லும் நாள். மூன்றாம் ஞாயிறு பழைய பாடப்புத்தகங்களை மாற்றிக்கொள்வது. நாலாம் ஞாயிறு ஒரே நாவலை எல்லோரும் படித்துவிட்டு வந்து சண்டை போடுவது. எழுத்தாளர் சந்திப்புக்குக் கீழே வரவேற்புரை, நூல் அறிமுகம், ஏற்புரை என்று வரிசையாகப் பெயர்கள் போட்டிருந்தார்கள். கடைசி வரி நன்றியுரை. அதற்கு நேராக என் பெயர்.

மாடிப்படி ஏறும் திசைக்கு அம்புக்குறி போடவேண்டிய நேரம் அது. அதைத் தலைகீழாகப் போட்டிருந்தேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

எனக்குத் திக்குவாய். எல்லா எழுத்துக்கும் திக்காது. ‘ம’, ‘வ’, ‘க’ எல்லாம் தண்ணீர் மாதிரி வரும். ‘தி’ வராது. ‘ந’ சுத்தமாக வராது. நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரில் இருப்பவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குப் போய் நன்றி சொல்கிற வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

கடை நடத்தும் அக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. முன்பு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். இப்போதும் பின்பக்கத்தில் மிஷின் ஓடுகிறது, முன்பக்கம் முழுக்கப் புத்தகம். இரண்டு நாள் முன்னால் போன் செய்திருந்தார். “தம்பி, எப்பவும் நன்றி சொல்ற சார் ஊர்ல இல்ல. இந்த வாட்டி நீங்க சொல்லிடுறீங்களா?” என்று கேட்டார். ‘நானா? வேணாங்க்கா’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ‘நா’விலேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “சரி தம்பி, ரொம்ப சந்தோஷம்” என்று போனை வைத்துவிட்டார்.

மூன்று வருஷமாக அந்தக் கடைக்குப் போகிறேன். நாற்காலி போடுவேன், எடுத்து அடுக்குவேன், கடைசி வரிசையில் உட்காருவேன். என்னை அங்கே எல்லோரும் அமைதியான மனிதர் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். நான் அமைதியானவனே கிடையாது. எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். சுடச்சுடத் தோன்றுகிற பதில் எல்லாம் வெளியே வருவதற்குள் ஆறிப்போய்விடுகிறது, அவ்வளவுதான்.

இந்த இரண்டு எழுத்தையும் சுற்றிக்கொண்டு போவதில் நான் கைதேர்ந்தவன். விழுப்புரத்திலிருந்து வீடு திரும்பும்போது, கண்டக்டர் எங்கே என்று கேட்டால் திண்டிவனம் என்று சொல்லவேண்டும். நான் மேல்மருவத்தூர் என்று சொல்லிவிடுவேன். அது எங்கள் ஊரைத் தாண்டி இருக்கிறது. டிக்கெட் கொஞ்சம் கூட, ஆனால் மானம் போகாது. ஒருமுறை திண்டிவனத்தில் எழுந்தபோது கண்டக்டர் கையைப் பிடித்து, “சார், உங்க ஊரு இன்னும் வர்ல, குந்துங்க” என்று உட்காரவைத்துவிட்டார். “இங்க ஒரு வேலை” என்று முனகிக்கொண்டு குதித்தேன்.

ஆகவே நன்றியுரைக்கும் ஒரு சுற்றுவழி இருந்தது. ‘தவிர்க்க முடியாத காரணத்தால் என்னால் வர இயலவில்லை’ என்று அக்காவுக்கு ஒரு செய்தி டைப் செய்து வைத்தேன். சாயங்காலம் அனுப்பிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அன்று சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். நாலாவது படிக்கிறாள். இரண்டாவது படிக்கும்போது அவளுக்கும் திக்க ஆரம்பித்தது. அவளுக்கு ‘ம’. அந்த ஒரு வருஷம் நானும் மனைவியும் சரியாகத் தூங்கவில்லை. என் வாயிலிருந்து அவள் வாய்க்குப் போய்விட்டது என்று எனக்குக் குற்ற உணர்ச்சி. பிறகு தானாகவே நின்றுபோனது. போய்விட்டது என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

கடைக்காரரிடம் எள்ளுருண்டை கேட்டு வாங்கினாள். வெளியே வந்து அதை என் கையில் கொடுத்துவிட்டாள்.

“எள்ளு பல்லுல மாட்டிக்குதுப்பா. எனக்குப் புடிக்காது.”

“அப்புறம் ஏன் வாங்குன?”

“மல்லாட்டை உருண்டைதான் வாங்கலாம்னு இருந்தேன்.” எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். என்னிடம் சொல்லும்போதே அந்த ‘ம’ கொஞ்சம் முட்டித்தான் வந்தது. “கடைக்காரர்கிட்ட அது வராது. எள்ளு ஈஸியா வருது.”

அவளே விளக்கினாள். “நீ பஸ்ல மேல்மருவத்தூருன்னு சொல்லுவியே. அது மாதிரிப்பா.”

அவளுக்குத் திக்கல் போகவே இல்லை. சுற்றிப் போகக் கற்றுக்கொண்டுவிட்டாள், அதையும் என்னைப் பார்த்தே. இரண்டாம் ஞாயிறு கதை சொல்லும் நாளுக்கு அவள் பெயர் கொடுத்திருந்தாள். வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது, “கோழி தோகையை விரிச்சிக்கினு ஆடிச்சாம்” என்று சொல்வாள். எந்தக் கோழிடி தோகை விரித்தது என்று நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அது மயில் என்பது இப்போதுதான் புரிந்தது.

அக்காவுக்கான செய்தியை அழித்தேன். அதனால் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உட்கார்ந்து ‘ந’ இல்லாத நன்றியுரை ஒன்றை எழுதினேன். மூன்று நாள் பிடித்தது. ஒரு புத்தகக் கூட்டத்தில் எத்தனை ‘ந’ இருக்கிறது என்று அப்போதுதான் கவனித்தேன். நூல், நிகழ்ச்சி, நண்பர்கள், நேரம், நாம், நல்ல. நூலைப் புத்தகம் ஆக்கினேன். நிகழ்ச்சியைக் கூட்டம் ஆக்கினேன். நண்பர்களை வாசகர்கள் ஆக்கினேன். நன்றிக்கு மட்டும் ஒரு இடத்தில் வணக்கம், ஒரு இடத்தில் அன்பு, ஒரு இடத்தில் கடமைப்பட்டிருக்கிறோம் என்று போட்டுச் சமாளித்தேன். ‘தேங்க்ஸ்’ எனக்கு அழகாக வரும். ஆனால் தமிழ்ப் புத்தகக் கூட்டத்தில் தேங்க்ஸ் சொன்னால் அடிக்க வருவார்கள்.

அந்த ஞாயிறு மனைவிக்கு டியூட்டி. மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். மயிலம் கூட்ரோடு வரும்போது என் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி.

“இதுல நன்றியே இல்லையேப்பா?”

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். அவள் தாளை மடித்து என் பையிலேயே வைத்தாள்.

“இதுவும் கோழியாப்பா?”

விழுப்புரம் வரைக்கும் உரையின் முதல் வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

எழுத்தாளர் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து அதைப் பற்றி நாவல் எழுதியிருந்தார். நான் ஆசையாகப் படித்த நாவல். அவர் பேசியதில் ஒரு சொல் கூட என் காதில் ஏறவில்லை. வரவேற்புரை முடிந்தது, இன்னும் மூன்று. நூல் அறிமுகம் முடிந்தது, இன்னும் இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அறிமுகம் செய்த ரிட்டயர்டு பேராசிரியர் நாவலை முதல் பக்கத்திலிருந்து வாசித்தே காட்டிவிடுவார் போல இருந்தது. வேறு நாளாக இருந்தால் அவரை மனசுக்குள் திட்டித் தீர்த்திருப்பேன். அன்று, இன்னும் பேசுங்கள் ஐயா, பஸ் போகிற வரைக்கும் பேசுங்கள் என்று வேண்டிக்கொண்டேன். ‘நேரமின்மை காரணமாக’ என்று ஒரு வாக்கியம் உண்டு. அது வந்துவிட்டால் நன்றியுரை கிடையாது.

அக்கா எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் ஆயிடுச்சி,” என்றார். எனக்கு உயிர் வந்தது. “அதனால டீ குடிச்சிக்கினே நன்றியுரையையும் கேட்டுடலாம்.”

நன்றியுரை என்றாலே ஜனங்கள் எழுந்துவிடுவார்கள். பாதிப் பேர் எழுந்து வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்துத் தாளைப் பிரித்தேன். ‘வருகை தந்த அனைவருக்கும் என் வணக்கம்’ என்பது முதல் வரி. ஒரு தடங்கலும் இல்லாமல் வரக்கூடிய வரி. மகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் என் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை மடித்தேன். ‘ந’ என்று தொடங்கினேன்.

ஒன்றும் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் முட்டிக்கொண்டே இருந்தேன், கடை முழுக்கச் சத்தம் அடங்கியது. செருப்பில் ஒரு கால் நுழைத்தவர்கள் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ, “மைக் போயிடுச்சிப்பா” என்றார். சவுண்டு சர்வீஸ்காரர் ஓடிவந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கித் தட்டினார். “அலோ, அலோ, ஒன், டூ” என்றார். நன்றாகக் கேட்டது. “சவுண்டு வருது சார், பேசுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று என் வாயைப் பார்த்தார்.

“மைக் நல்லா இருக்கு,” என்று சொன்னேன். அந்த ‘ந’ எப்படி வந்தது என்று தெரியவில்லை, கோபத்தில் வந்திருக்கும். “எனக்குத்தான் தி… தி… திக்கும்.”

நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக இதை ஒரு கூட்டத்தில் சொல்கிறேன். சொன்னதும் லேசாகிவிடவில்லை. காது சுட்டது. எழுத்தாளருக்கு ந… ந… நன்றி என்றேன். பேராசிரியருக்கு நன்றி, அக்காவுக்கு நன்றி, சவுண்டு சர்வீஸ்காரருக்கு நன்றி. ஒவ்வொன்றிலும் முட்டியது. இரண்டு நிமிஷத்தில் முடிகிற உரை எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஒரு கல்லூரிப் பெண் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். எழுத்தாளர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தவளைக் கூட மன்னித்துவிட்டேன். அவர் குனிந்ததுதான் பொறுக்கவில்லை.

எப்போதும் தட்டுகிற அளவுக்குக் கை தட்டினார்கள். பேராசிரியர் வந்து, “ரொம்ப சிறப்பா பேசுனீங்க” என்றார். பச்சைப் பொய். அக்கா டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே, “எனக்குத் தெரியாம போச்சே தம்பி. தெரிஞ்சிருந்தா உங்க பேரைப் போட்டிருக்கவே மாட்டேன்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் அதிகமாக வலித்தது.

பிறகு மகள் பக்கம் குனிந்தார். “பாப்பா, அடுத்த ஞாயிறு நீதானே முதல்ல கதை சொல்றே? இன்னா கதை?”

மகள் என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

“கோழி கதை,” என்றாள்.

இத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டது எதற்கு? எழுதி வைத்ததை வாசித்துவிட்டு மரியாதையாக வீட்டுக்குப் போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்மேலேயே கோபமாக நடந்தேன்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இரண்டு பேர் சீட்டைப் பிடித்தேன். மகள் பசிக்கிறது என்றாள். பத்து ரூபாயைக் கொடுத்தேன். எதிரில் இருந்த கடைக்குப் போனாள், நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

“இன்னா பாப்பா வேணும்?” என்றார் கடைக்காரர்.

“ம…” என்றாள்.

“மிக்சரா?”

இல்லை என்று தலையாட்டினாள். “ம… ம…”

“முறுக்கா? மசாலா கடலையா?”

அவள் இரண்டு கையாலும் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் அந்தச் சின்ன நரம்பு புடைத்தது. எனக்கு ‘ம’ தண்ணீர் மாதிரி வரும். நாக்கு நுனியில் அந்தச் சொல் நின்றது. ஒரு வார்த்தை, நான் சொன்னால் முடிந்துவிடும். பின்னால் ஒருவர் ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு, “ஜல்தி சொல்லும்மா, பஸ்ஸு போவுது” என்றார். எங்கள் பஸ்தான். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். எள்ளுருண்டை பாட்டில் அவள் கைக்கு நேராகவே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். எள்ளு என்று சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். சொல்லிவிட்டால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றும் நினைத்தேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“ம… ம… ம… மல்லாட்டை உருண்டை,” என்றாள்.

“அட, இதானா,” என்று எடுத்துக் கொடுத்தார்.

பஸ் என் கைக்குட்டையோடு போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் காத்திருந்தோம். அதில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. கண்டக்டர் மற்ற எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

“எங்க சார்?”

மேல்மருவத்தூர் வாய்க்குள் தயாராக இருந்தது. மகள் வாய் நிறைய மல்லாட்டையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ‘தி’ என்று தொடங்கினேன்.