ஆறு தேதிகளும் ஒரு சேவலும்

"பிரதிவாதி வளர்க்கும் சேவல் கீழ்க்கண்ட ஆறு தேதிகளிலும் அதிகாலை மூன்றரை மணிக்குக் கூவி, வீட்டில் படுத்திருந்த வாதியின் உறக்கத்தைக் கலைத்தது." பிராதின் நான்காம் பாரா இது. நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் நெய்வேலியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். பிரதிவாதி அஞ்சலை எங்கள் கட்சிக்காரர். வாதி சபாபதி பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர், மைன்ஸில் பர்மனென்ட். சேவலை உடனே அப்புறப்படுத்த இடைக்கால உத்தரவு கேட்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு ஆபரேஷனுக்காக நேர்ந்துவுட்டதுங்க" என்றார் அஞ்சலை. "ஆடி கடைசி வெள்ளிக்கு முத்தாண்டிக்குப்பத்துல படையல். அதுக்குள்ள தொரத்தச் சொன்னா ஆத்தாளுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

சீனியர் பழைய தீர்ப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் தேதியைப் பார்க்கும் பழக்கம். காலண்டரை எடுத்தேன். செவ்வாய் முதல் ஞாயிறு வரை, ஒரே வாரத்தின் ஆறு விடியற்காலைகள். இந்த ஊரில் வாரம் என்றால் ஷிப்ட். கூட வந்திருந்த அஞ்சலையின் கணவர் முருகேசனுக்கும் அதே மைன்ஸில்தான் வேலை.

"இந்தத் தேதிகள் வந்த வாரம் உங்களுக்கு எந்த ஷிப்ட்?"

"நைட்டுங்க."

"சபாபதிக்கு?"

"அவருக்கும் நைட்டுதான். ஒரே பஸ்சு. திரும்பறப்ப என் தோள்ல சாஞ்சி தூங்கிக்கினு வருவாரு."

பேனாவைக்கூட மூடாமல் சீனியரிடம் ஓடினேன்.

விசாரணை நாளன்று சபாபதி கூண்டில் ஏறினார்.

"அந்த ஆறு நாளும் மூணரைக்கு எங்க இருந்தீங்க?" என்றார் சீனியர்.

"வூட்லதாங்க."

"நைட் ஷிப்ட் ஆச்சே. வருகைப் பதிவை வரவழைக்கலாமா?"

சபாபதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது எல்லா வாரமும் கூவுதுங்க. கைக்கு வந்த வாரத்த எழுதிட்டேன்."

அவருடைய வக்கீல் விடவில்லை. மனைவியின் உறக்கம் கலைந்தால் கணவனின் உறக்கமும் கலைந்ததாகவே சட்டம் கொள்ள வேண்டும் என்று வாதிட்டார்.

"அப்ப அந்தம்மாவையே வாதியா போட்டிருக்கலாமே?" என்றார் நீதிபதி.

வக்கீலை முந்திக்கொண்டு சபாபதி சொன்னார்: "கேட்டுப் பாத்தேங்கய்யா. அவளுக்கு ஒரு சத்தமும் காதுல வுழலியாம்."

டவாலி சேவகர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மனு தள்ளுபடி. அஞ்சலை வராந்தாவிலேயே என்னைப் படையலுக்கு அழைத்தார்.

குமாஸ்தா வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வேன்: சட்டத்தைச் சீனியர் பார்த்துக்கொள்வார், நீங்கள் தேதிக்குக் கிழமையும் கிழமைக்கு ஷிப்டும் பாருங்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தச் சேவல் உண்மையிலேயே மூன்றரைக்குக் கூவியதா என்று அஞ்சலையிடம் நாங்கள் கேட்கவே இல்லை. இன்றுவரை அது சரிபார்க்கப்படாத தகவல்.