இருபத்தாறேகால் அங்குலம்

எங்கள் வீட்டில் கார் இருக்கிறது என்று பள்ளியில் நான் சொல்லிக்கொண்டதில் பாதிதான் உண்மை. கார் இருந்தது, ஓடவில்லை. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், இடப்பக்கம் ஸ்டியரிங். ஒரு காலத்தில் வேகத்துக்கென்றே அமெரிக்காவில் செய்த ரகம். யாரோ ரப்பர் எஸ்டேட்காரரின் கொட்டகையில் கோழி அடையும் இடமாகக் கிடந்ததை, சாலை பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்த அப்பா வாங்கி, மலையாளம் பேசும் ஊரான கரமனையில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் எஞ்சின் உறுமத் தொடங்கிவிட்டது. பாக்கி இருந்தது கிராஸ் மெம்பர் மட்டும்.

எஞ்சினுக்கு அடியில், வண்டியின் இரண்டு நீளச் சட்டங்களையும் குறுக்கே பிணைக்கும் இரும்பு அது. முன் சக்கரங்களைத் தாங்கும் கைகளும் ஸ்பிரிங்குகளும் அதில்தான் நிற்கும். எங்கள் வண்டியில் அது துருப்பிடித்து, வண்டியைச் சரிசெய்துகொண்டிருந்த மேஸ்திரி திருப்புளியால் குத்தினால் பிஸ்கட்டைப் போலப் பொடிந்தது. அப்பா சாப்பிடும்போதுகூட அதைப் பற்றியே பேசியதால், "உங்க மெம்பரை ரேஷன் கார்டுல சேத்துருங்களேன்" என்றாள் அம்மா.

அமெரிக்காவில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு விலைப் பட்டியல் புத்தகம் அனுப்பியிருந்தார். பழைய வண்டிகளுக்கென்று இப்போது புதிதாகச் செய்து விற்கும் உறுப்புகள் அதில் படத்துடன் இருந்தன. மாமா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். வருகிற டிசம்பரில் தன் பெட்டிகளில் ஒன்றுக்குப் பதிலாக ஒரு கிராஸ் மெம்பர் கொண்டுவரச் சம்மதித்திருந்தார். ஒன்றே ஒன்று. ஆகவே தேர்வு தவறக் கூடாது.

அந்தப் புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டது நான். லேபிள் ஒட்டியது நான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அப்பாவுக்குப் பொருள் சொன்னதும் நான்தான். மூன்று ரகங்கள் இருந்தன. முதலாவது, பழையதைப் போலவே தகட்டில் அடித்தது. அதே துளைகளில் போல்ட் போட்டு முறுக்கினால் போதும். இரண்டாவது, குழாயில் செய்தது; எடை குறைவு, நாம் கொடுக்கும் அளவுக்கு வெட்டித் தருவார்கள். மூன்றாவதைப் போட்டால் ஸ்டியரிங்கையும் மாற்ற வேண்டும். அதற்கு அப்பா உடனே தலையை ஆட்டிவிட்டார். நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். அப்பாவும் சரி என்றார். எனக்கு அது பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியது போலிருந்தது.

அந்த ஏப்ரலில் மதுரையிலிருந்து பெரியம்மா மகள் விடுமுறைக்கு வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆங்கில கான்வென்ட்டில் படிப்பவள். அகராதி இல்லாமல், பெஞ்சில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினாள்.

"சித்தப்பா, இந்த முதல் மாடல் சட்டத்தை மாத்தாத வண்டிக்கு மட்டும்னு அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு. நம்ம வண்டியில யாரோ வெட்டி ஒட்டியிருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

அப்பா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தொடையில் அடித்துக்கொண்டார். "ஏட்டி, இவ்வளவு நாளா நாம ரெண்டு பேரும் என்னத்தைப் படிச்சோம்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். குற்றத்தில் அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டது என் காதில் விழவில்லை. அன்றே இரண்டாவது ரகம் முடிவாயிற்று. அக்காவுக்கு 'இஞ்சினியரம்மா' என்று பெயரும் வந்தது. நான்கு நாட்களில் அப்பா அவளைப் பதினோரு தடவை அப்படிக் கூப்பிட்டார். எண்ணிக்கையைச் சமூகப்பாட நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

அளவெடுக்கும் நாள் வந்தது. அப்பாவும் மேஸ்திரியும் டேப்புடன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்கள். நான் நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்து நின்றேன். அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "நீ சும்மா இருட்டி, அக்கா எழுதட்டும்."

மேஸ்திரி மலையாளி. "அகலம் இருபத்தியாறேகால். எழுதிக்கோ மோளே" என்றார். அக்கா எழுதினாள். "சட்டத்தின்றெ வீதி ரண்டர."

"வீதியா? எந்த வீதி, மேல மாசி வீதியா?" என்று கேட்டாள் அக்கா.

அப்பா சிரித்த சிரிப்பில் அவர் தலை எங்கோ இரும்பில் இடித்தது. வலியிலும் சிரித்தார். மேஸ்திரிக்கு விஷயம் புரியாவிட்டாலும் கூடவே சிரித்தார். பிறகு அப்பா, மலையாளத்தில் வீதி என்றால் நம் அகலம் என்று அக்காவுக்கு விளக்கினார். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் அவரிடமிருந்து வாங்கியதில்லை.

தெரியாத சொல்லை எல்லோரும் விளக்கினார்கள். தெரிந்த சொல்லை யாரும் கவனிக்கவில்லை. மேஸ்திரி சொன்ன அகலம் நம் அகலம் அல்ல. மலையாளத்தில் அகலம் என்றால் இடைவெளி. இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைத்தான் அவர் சொன்னார். பள்ளியில் மலையாளம் படித்த எனக்கு அது தெரியும். அப்பாவுக்கும் தெரியும், காதால் கேட்டால். நான் என் நோட்டில், யாரும் கேட்காமலே, 'இடைவெளி 26¼' என்று எழுதி, இரு பக்கமும் இரண்டரை அங்குலச் சட்டங்களையும் சேர்த்துக் கூட்டி 'மொத்தம் 31¼' என்று அடிக்கோடிட்டேன். அக்காவின் தாளில் 'அகலம் 26¼' என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

ஞாயிறு காலை மாமா போன் செய்தார். ஆர்டர் படிவம் அவர் கையில் இருந்தது. ரிசீவருக்கு வெளியேயும் கேட்கும் அளவுக்குக் கத்திப் பேசுவது அவர் வழக்கம்.

"அத்தான், ஒரு அளவுதான் கேக்கான். ஒரு சட்டத்தோட வெளி ஓரத்துலேருந்து அடுத்த சட்டத்தோட வெளி ஓரம் வரைக்கும் மொத்த அகலம் எவ்வளவு?"

அப்பா தாளைப் பார்த்தார். மேஸ்திரி வாயில் மலையாளமாக இருந்த சொல் தாளில் தமிழாகியிருந்தது. "அகலம் இருபத்தாறேகால், மாப்ளே. எழுதிக்கிடுங்க."

"அப்பா" என்றேன். அவர் பேசாதே என்று கையைக் காட்டினார். போனை வைத்த பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னட்டி, என்னமோ சொல்ல வந்தியே?"

அக்கா பேனாவைக் காதில் செருகியபடி அவர் நாற்காலியின் கையில் உட்கார்ந்திருந்தாள். அது நான் உட்காரும் இடம்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

டிசம்பரில் மாமா வந்தார். ஷெட்டில் வைத்துப் பெட்டியைப் பிரித்தார்கள். கறுப்புப் பெயின்ட் பளபளக்க, அவ்வளவு அழகான இரும்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மேஸ்திரி அதை அடியில் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் பொருந்தியது. மறுபக்கம் ஐந்து அங்குலம் எட்டவில்லை.

"அளவு தெற்றியல்லோ அண்ணாச்சி" என்றார் மேஸ்திரி.

அப்பா தாளை எடுத்துவரச் சொன்னார். "நீங்க சொன்னதுதான எழுதியிருக்கு? அகலம் இருபத்தாறேகால்."

"அகலம் தன்னெ ஞான் பறஞ்ஞது."

"அகலம்னுதான் இருக்கு."

"பின்னெ இதெந்தா வீதி கொறஞ்ஞு போயது?"

அப்பா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிய நொடியை நான் பார்த்தேன். காது மடல் சிவந்தது. அளவு கொடுத்து வெட்டியதைத் திரும்ப எடுக்கமாட்டார்கள், இன்னொன்று என்றால் இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் என்று மாமா மெல்லச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இனி இஞ்சினியரம்மாவின் கதை முடிந்தது என்று காத்திருந்தேன்.

"மதுரைக்கு யாரும் எழுதக் கூடாது" என்றார் அப்பா. "அது பிள்ளை தப்பில்ல. நான் பாத்திருக்கணும். கேட்டா மனசு கஷ்டப்படும்."

குளிர்ச்சி அத்துடன் போய்விட்டது.

மேஸ்திரி விடவில்லை. இரு பக்கமும் இரண்டரை அங்குலத் துண்டு வைத்து வெல்டிங் செய்தால் தீர்ந்தது, லாரிக்கே அப்படிச் செய்திருக்கிறேன் என்றார். "ஞான் கேரண்டி, அண்ணாச்சி." மாமாவும், செய்துவிடலாமே அத்தான் என்றார். அப்பா அந்த இரும்பின் முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கு ஆசை இருந்தது. நான்கு வருஷ ஆசை. சக்கரம் மாட்டிவிட்டால் பொங்கலுக்கு ஓட்டிவிடலாம்.

"லாரிக்குச் சரி மேஸ்திரி" என்றார் கடைசியில். "முன்சக்கரம் நிக்கிற இடத்துல ஒட்டுப் போட்டா எனக்குத் தைரியம் வராது. இதுல பிள்ளை உக்காரும்."

பிப்ரவரியில் கொல்லத்திலிருந்து ஒருவர் வந்து வண்டியை வாங்கிக் கட்டி இழுத்துப் போனார். புது கிராஸ் மெம்பரை அப்பா பின் சீட்டில் துணி சுற்றி வைத்துக் கொடுத்தார். ஷெட்டைக் கழுவிவிட்டோம்.

அடுத்த கோடையில் அக்கா வந்தபோது நான் அவளுடன் பேசவில்லை. என் பக்கத்தில் பாய் போடவும் விடவில்லை. அவள் அழுதாள் என்று அம்மா சொன்னாள். அழட்டும் என்றிருந்தேன். பிள்ளை உக்காரும் என்று இவளுக்காகத்தானே அப்பா காரையே விட்டுக்கொடுத்தார் என்பது என் கணக்கு. அதில் அன்று எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அவள் வருஷத்துக்குப் பத்து நாள் வந்து போகிறவள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் இருந்த பிள்ளை நான் ஒருத்திதான்.