குளிர்கிடங்கிலிருந்து பார்த்த மோதல் இயந்திரம்

குளிர்கிடங்கில் எல்லாரும் அவரை மைனஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் வெப்பநிலையைச் சொல்லும்போது "பதினெட்டு", "இருபது" என்று போகிற போக்கில் சொல்லிவிடுவார்கள். அங்கே எல்லாமே பூஜ்யத்துக்குக் கீழே என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அக்கா மட்டும் இருபத்திரண்டு வருடமாக ஒரு தடவைகூட மைனஸை விட்டதில்லை. "பதினெட்டுன்னு எழுதினா ஐஸ்கிரீம் பாயசமாயிடும்" என்பார்.

வேலை காலை ஆறு மணிக்கு. இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, கையுறை. மணிக்கு ஒருமுறை நான்கு அறைகளையும் சுற்றி வரவேண்டும். உறைந்த பட்டாணிக்கு ஓர் அறை, மீனுக்கு இரண்டு, ஐஸ்கிரீமுக்கு ஒன்று. பிறகு கம்ப்ரசர் அறைக்குப் போய் எண்ணெய் அழுத்தம் பார்த்து, எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும். நேரம், வெப்பநிலை, அழுத்தம், கோளாறு, காரணம் என்று ஐந்து கட்டங்கள். அக்காவின் கையெழுத்து பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் வீட்டில் சாப்பிட்டு முடித்த களைப்பில், "எங்க ஐஸ்கிரீம் ரூமைவிடக் குளிரா ஒரு இடம் இருக்க முடியாது" என்று அக்கா பேச்சுவாக்கில் சொன்னார். மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன். எதையும் திருத்தாமல் விடமாட்டார்.

"இருக்கு அத்தை. மைனஸ் இருநூத்தி எழுபத்தொண்ணு."

"மீட்டர் கெட்டுப்போயிருக்கும், மாப்பிள்ளை."

அவர் கைபேசியை எடுத்துக் காட்டினார். எங்கேயோ தூர தேசத்தில், பூமிக்கடியில், வட்டமாக ஒரு சுரங்கம். அதில் கண்ணுக்குத் தெரியாத துகள்களை எதிரும் புதிருமாகச் சுற்றவிட்டு மோதவைக்கிறார்களாம். காந்தங்கள் வேலை செய்ய அத்தனை குளிர் தேவையாம். அந்த இயந்திரம் இந்த நிமிடம் என்ன செய்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்க ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். கறுப்புத் திரை, நிறம் நிறமாகக் கோடுகள், எண்கள், அடியில் ஆபரேட்டர்கள் எழுதும் ஒன்றிரண்டு வரி.

அக்கா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். துகள் விஷயம் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அது பதிவேடு என்பது பார்த்தவுடனே புரிந்துவிட்டது.

"எதுக்கு மோதவிடறாங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்க."

"உடைச்சா உள்ள இருக்கறது வெளிய வரும். அவ்வளவுதானே?"

"இல்ல அத்தை. உள்ள இல்லாததும் வரும்."

"ரெண்டு பட்டாணி மூட்டையை மோதவிட்டா உள்ளேருந்து குடை வரும்னு சொல்றீங்களா?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ஏறக்குறைய அப்படித்தான்னு படிச்சேன். எனக்கும் முழுசா புரியல."

அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. காலையில் பஸ்ஸில், வேலை இடைவேளையில், மாலையில் துணி மடிக்கும்போது என்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதற்குள் வரி மாறிவிடும். சில நாள் துகள்களின் கற்றை நிலையாக ஓடுகிறது என்று பச்சையில் வரும். அன்றைக்கு அக்காவுக்கும் மனசு நிறைந்திருக்கும். சில நாள் கற்றையே இல்லை என்று வரும். அன்று மகளுக்கு போன் போகும்.

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துது. பத்து மணிநேரம். நல்லா இருக்கும்போதே கொட்டிட்டாங்க."

"எதை கொட்டிட்டாங்க?"

"அந்தக் கற்றையைத்தான். சுவர்ல மோதவிட்டு அணைச்சிட்டாங்களாம். நல்லா ஓடற மெஷினை யாராவது நிறுத்துவாங்களா?"

மகள் கணவரிடம் கேட்டுச் சொன்னாள். மோத மோதத் துகள் குறைந்துபோகுமாம், அதனால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவார்களாம். அக்கா சரி என்று ஏற்றுக்கொண்டார். அடுத்த நாள் ஒரு மணிநேரத்திலேயே கொட்டினார்கள். அந்த விளக்கமும் போயிற்று.

இன்னொரு வாரம் முழுக்க எம்.டி., எம்.டி. என்றே திரையில் இருந்தது. மோதலே நடக்கவில்லை. இதை மட்டும் அக்கா யாரையும் கேட்காமல் தானே புரிந்துகொண்டார். எம்.டி. பார்வையிட வந்திருக்கிறார், அதனால் வேலை நடக்கவில்லை. குளிர்கிடங்கிலும் எம்.டி. வந்தால் அப்படித்தான். தரையைத் துடைப்பதும் கைகட்டி நிற்பதுமாகப் பொழுது போய்விடும். ஆறு நாளாகவா ஒரு மனுஷன் சுற்றிப் பார்ப்பான் என்று அந்த ஆபரேட்டர்களுக்காகப் பரிதாபப்பட்டார். அது இயந்திரத்தையே சோதித்துப் பார்க்கும் நாட்களின் சுருக்கப் பெயர் என்று மாப்பிள்ளை பின்னால் கண்டுபிடித்துச் சொன்னபோது, அக்காவுக்கு அதுவரை புரிந்ததாக நினைத்திருந்த ஒன்றும் கைவிட்டுப் போயிற்று.

ஆனாலும் ஒரு வரி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. இயந்திரம் திடீரென்று நின்றுபோகும் நாட்களில், அடியில் சில சமயம் இப்படி எழுதியிருப்பார்கள்: காரணம் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அத்தனை படித்தவர்கள், அத்தனை பெரிய இயந்திரம், உலகமே பார்க்கிற திரை. அதில் தெரியவில்லை என்று எழுதுகிறார்கள். கூச்சமே இல்லாமல்.

குளிர்கிடங்கில் காரணம் என்ற கட்டத்தை யாரும் காலியாக விட்டது கிடையாது. என்ன ஆனாலும் "வோல்டேஜ் குறைவு" என்று எழுதிவிடுவார்கள். அக்காவும் இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் எழுதிவந்தார். வோல்டேஜ் நன்றாக இருந்த நாட்களிலும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து நாற்பதுக்கு இரண்டாம் கம்ப்ரசர் நின்றுபோனது. அக்கா ஓடிப்போய்ப் பார்த்தார். அழுத்தம் சரி, எண்ணெய் சரி, வோல்டேஜும் சரி. பொத்தானை அழுத்தினார், ஓட ஆரம்பித்தது. பதிவேட்டைத் திறந்தார். பேனா வழக்கம்போல "வோ" என்று எழுதப் போயிற்று. நிறுத்திவிட்டு "தெரியவில்லை" என்று எழுதினார்.

மேனேஜர் மறுநாள் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் பதிவேடு விரிந்து கிடந்தது.

"என்னக்கா இது?"

"தெரியல, சார். அதான் அப்படி எழுதினேன்."

"தெரியலன்னு எழுதறதுக்கா கட்டம் போட்டிருக்கு? மேலருந்து ஆள் வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?"

"பெரிய பெரிய இடத்துலயே அப்படித்தான் எழுதறாங்க, சார்."

"எந்த இடத்துல?"

அக்கா கைபேசியை எடுத்து நீட்டினார். கறுப்புத் திரையையும் கோடுகளையும் மேனேஜர் வெகுநேரம் பார்த்தார். கைபேசியைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"இது என்ன கிடங்கு? என்ன வெச்சிருக்காங்க?"

"ஒண்ணும் வெக்கலை, சார். மைனஸ் இருநூத்தி எழுபத்தொண்ணு. உள்ள காத்துகூட இல்ல."

"காலியா இருக்கறதுக்கா இவ்வளவு குளிரு?" என்றார் மேனேஜர். காந்தங்களுக்காக என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தும், அதையேதான் அக்காவும் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார்.

கம்ப்ரசர் வியாழக்கிழமையும் நின்றது, சனிக்கிழமையும் நின்றது. அக்கா இரண்டு முறையும் "தெரியவில்லை" என்றே எழுதினார். வோல்டேஜ் குறைவு என்று இருந்திருந்தால் மெக்கானிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். இப்போது வேறு வழியில்லாமல் கம்ப்ரசரின் மின்பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தார். இரண்டு நாள் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் அகப்படவில்லை. எல்லாவற்றையும் பழையபடி மாட்டினார். அதன் பிறகு கம்ப்ரசர் நிற்கவே இல்லை.

"என்ன பண்ணீங்க?" என்று அக்கா கேட்டார்.

"கழட்டினேன், மாட்டினேன்."

"அப்புறம் எப்படி சரியாச்சு?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் மெக்கானிக். அவர் முகத்தில் ஜெயித்தவனின் களையும் இல்லை, தோற்றவனின் வாட்டமும் இல்லை.

அடுத்த மாதம் புதிய பதிவேடு வந்தது. காரணம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் அச்சடித்திருந்தது: தெரியவில்லை. டிக் போட்டால் போதும். மேனேஜர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்று மாலை மகளிடம் மூன்று தடவை சொன்னார்.

பத்தே நாளில் அந்தச் சந்தோஷம் கசந்தது. எல்லா ஷிஃப்டிலும் எல்லாரும் டிக் போட ஆரம்பித்தார்கள். பட்டாணி அறைக் கதவை அரைமணி நேரம் திறந்துவைத்துவிட்டு அரட்டை அடித்தவர், வெப்பநிலை ஏறியதற்குத் தெரியவில்லை என்று டிக் போட்டிருந்தார். மீன் அறை விசிறியில் அட்டைப்பெட்டி சிக்கி நின்றதற்கும் டிக். முன்பாவது வோல்டேஜ் மேல் பழி போட்டார்கள். இப்போது அதுவும் இல்லை.

அக்கா மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், தெரியலங்கறது வேற, பாக்கலங்கறது வேற."

"நீங்கதானேக்கா ஆரம்பிச்சு வெச்சீங்க?"

"ஆமா, நான்தான். ஆனா நான் பாத்துட்டு எழுதினேன்."

"அவங்க பாக்கலன்னு எனக்கெப்படி தெரியும்?"

பொய்யை எழுதியபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது போலவும், உண்மையை எழுதப் போய் எல்லாம் குட்டிச்சுவரானது போலவும் அக்காவுக்குத் தோன்றியது. தான் செய்தது சரியா தப்பா என்று அவருக்கே பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் பதிவேட்டோடு ஓர் அடிக்கோலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சதுரத்துக்குக் கீழே ஒரு நீளக் கோடு போட்டு, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று தன் கையால் எழுதினார். இருநூறு பக்கம். சுற்றுக்குப் போகும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அதற்கே சரியாக இருந்தது, நான்கு நாள் பிடித்தது. யாரும் செய்யச் சொல்லவில்லை. மேனேஜர் பார்த்தார், தடுக்கவும் இல்லை.

இரண்டாம் ஷிஃப்டுக்காரர் முதல்நாள் அந்தக் கோட்டில் "பார்த்தேன்" என்று மட்டும் எழுதினார். இரண்டாம் நாளும் அதையே எழுதினார். மூன்றாம் நாள், என்ன தோன்றியதோ, "பட்டாணி அறைக் கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது. வெப்பநிலை ஏறியது அதனாலா என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, ரப்பரைப் பார்க்க எழுந்து போனார்.