கம்பளி போர்த்திய கதவு

எங்கள் வீட்டுக்குக் கதவு ஒன்றுதான். அம்பத்தூரில், ரயில் நிலையத்திலிருந்து ஏரிக்குப் போகிற வழியில், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஐந்து குடித்தனங்கள் வரிசையாக இருந்தன. எங்களுடையது ஐந்தாவது, கடைசி. கூடம் ஒன்று, சமையலறை ஒன்று, ஜன்னல் ஒன்று. கொல்லை வாசல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு வழியாக ஓடியிருக்கலாமே என்று என் பிள்ளைகள் மூவரும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். வேறு வழி இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு அது. எனக்கு ஆறு வயது முடிந்து நான்கு மாதம். தங்கை தூளியில் கிடந்தாள். அவளுக்குப் பல் இரண்டு. அப்பா ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். அம்மா சிறுவயதில் பூந்தமல்லியில் ஒரு மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவள். துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் பஞ்சு பரப்பித் தைக்கும் ஒட்டுப் போர்வையை அங்கேதான் கற்றுக்கொண்டாள். அந்த மாசி மாதம் வேப்பேரியில் இருந்த மிஷன் மிஸ்ஸியம்மாக்கள், தாங்கள் கோடைக்கு மலைக்குப் போகும் முன் எட்டுப் போர்வைகள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தைப்பது அம்மாவுக்குச் சிரமமில்லை. இஸ்திரிதான் சிரமம். ஒரு போர்வைக்கு நீளத்தில் பன்னிரண்டு, அகலத்தில் ஒன்பது, ஆக நூற்றெட்டுச் சதுரம். ஒவ்வொரு தையலையும் பிரித்து அழுத்தாவிட்டால் முனைகள் சேராமல் போகும். தரையில் விரித்தால் செங்கல்லின் ஈரம் துணியில் ஏறியது. பெஞ்சு ஓரடி அகலம். இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் சரிந்து கசங்கியது. அப்பா அடிக்கோலை எடுத்துக்கொண்டு வீட்டில் உள்ள எல்லாப் பொருளையும் அளந்தார். கடைசியில் எதையோ யோசித்தபடி கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடியும் சாத்தினார், அளந்தார். நீளம் ஆறடி, அகலம் மூன்றேகால்.

கீல்கள் மூன்று. அவற்றின் துருப்பிடித்த முளைகளை உருவிவிட்டு, கையால் இழுத்தாலே வந்துவிடுகிற கம்பிகளைப் போட்டார். ரயில்வே ஏலத்தில் எடுத்த இரண்டு காலித் தார்ப் பீப்பாய்களைக் கூடத்தின் நடுவில் நிறுத்திக் கதவை அவற்றின்மேல் படுக்க வைத்தார். கதவின் வழவழப்பான வெளிப்பக்கம் மேலே இருந்தது. அதன்மேல் இரண்டு கோணி, ஒரு கம்பளி, அதற்கும் மேல் தன்னுடைய பழைய வேட்டியை இரட்டையாக மடித்து நனைத்து இழுத்து, விளிம்புக்கு ஒரு விரற்கடை உள்ளே ஆணி அடித்தார். நாற்பத்தாறு ஆணி. காய்ந்ததும் அது மத்தளத் தோல்போல விறைத்துக்கொண்டது. அம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவர் இன்னும் நான்கு கதவுகளைக் கழற்றியிருப்பார்.

காலையில் அப்பா வேலைக்குப் போகும்போது கதவைக் கழற்றிப் பீப்பாய்மேல் வைப்பார். மாலையில் வந்ததும் தூக்கி மாட்டுவார். கோணியும் கம்பளியும் வேட்டியுமாகக் கதவு இரவெல்லாம் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தட்டினால் சத்தமே கேட்காது.

முதல் குடித்தனத்து வண்டிக்காரர் மாலையில் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா சார், ஊட்டுக் கதவுக்கு ஜொரமா? கம்பளி போத்தி வெச்சிகினு கீறீங்க!"

"ஆமா, குளிர் ஜொரம். கஞ்சி குடுத்திருக்கேன்" என்றார் அப்பா.

"பகல்ல தொறந்த ஊடா கீதே சார். ஒய்ங்கா பாத்துக்கோங்க."

"பகல்ல எவன் வரப்போறான்?"

அப்பாவுக்கு அது ஒரு பதில். எனக்கு அது ஒரு கேள்வி. எவன் வருவான் என்று நான் ஒரு பட்டியலே வைத்திருந்தேன்: பிள்ளை பிடிக்கிறவன், மாடு, பாம்பு, சாட்டையால் தன்னையே அடித்துக்கொண்டு பிச்சை கேட்பவன். ஐந்தாவதாக வெறிநாய். திருநின்றவூரில் பெரியப்பா வீட்டுக்கு எதிரே ஒரு கொத்தனாரை நாய் கடித்து, நாற்பதாம் நாள் தண்ணீர்ச் சொம்பைக் கண்டதும் அவர் அலறி, அடுத்த நாளே செத்துப்போனார். பெரியப்பா அதை நடித்தே காட்டியிருந்தார். கடித்தால் சாவு என்பது அதிலிருந்து எனக்குத் தெரிந்தது. பிழைக்கவும் வழியுண்டு என்பதை யாரும் நடித்துக் காட்டவில்லை. ஆகவே பகல் முழுவதும் வாசற்படியில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரை எண்ணிக் காவல் காத்தேன். ஒரு நாளைக்கு எழுபதுக்குக் குறையாது.

பதினெட்டு நாளில் ஏழு போர்வைகள் முடிந்தன. எட்டாவதின் மேல்துணியை அம்மா இணைத்து முடித்து, கதவின்மேல் விரித்து, தண்ணீர் தெளித்து அழுத்திக்கொண்டிருந்தாள். முற்பகல். வாசற்படியில் நான் இருபத்து மூன்றுவரை எண்ணியிருந்தேன். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

"வெறிநாய்! வெறிநாய் வருது! கதவ சாத்துங்க!"

முதல் குடித்தனத்துக் கதவு டமார் என்று மூடியது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது எங்களுடையது, அது கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தது.

நாயைப் பார்த்தேன். செம்மண் நிறம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோடு போட்டதுபோல நேராக வந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. முப்பதடி இருக்கும். அதையும் சேர்த்து இருபத்து நான்கு என்று எண்ணினேன். அம்மா என்னைப் பின்னாலிருந்து அக்குளில் பிடித்துத் தூக்கிக் கதவின்மேல் போட்டாள். திரும்பி ஓடித் தூளியிலிருந்து தங்கையை எடுத்து என் மடியில் வைத்தாள். அதற்குள் நாய் படி தாண்டியிருந்தது. அம்மா முக்காலியில் ஒரு காலை வைத்து ஏறினாள். நாய் அவள் புடவையோடு சேர்ந்து மேலே எழும்பியது. அவள் உதறினாள். முக்காலி சாய்ந்தது; இஸ்திரிப் பெட்டியை வைக்கும் ஓடு விழுந்து உடைந்தது. அம்மா கதவின்மேல் முழங்காலிட்டிருந்தாள். பெட்டி அவள் கையில் இருந்தது.

நாய் கதவுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பீப்பாய்களுக்கும் நடுவில் நிழல் இருந்ததால் போயிருக்கலாம். அதன் தலை காலிப் பீப்பாயில் மோதும்போதெல்லாம் 'டங்' என்று ஒரு சத்தம் எழுந்து, கோணி, கம்பளி, வேட்டி எல்லாவற்றையும் தாண்டி என் தொடையில் அதிர்ந்தது. நாயைத் தடுக்க வேண்டிய கதவுக்கு மேலே நாங்கள் மூன்று பேர், கீழே நாய்.

"அம்மா, கடிச்சிடுச்சா?"

"இல்லடா. அந்தப் பக்கம் திரும்பிக்கோ. போர்வையில எத்தனை துண்டுன்னு எண்ணு."

"நூத்தியெட்டு."

"எண்ணாம சொல்லாத. ஒண்ணொண்ணா விரல் வெச்சு எண்ணு. திரும்பக் கூடாது."

சுவர்ப் பக்கம் திரும்பி எண்ணத் தொடங்கினேன். பதினொன்று, பன்னிரண்டு. எனக்குப் பின்னால் அம்மா எதையோ நகர்த்துவது கேட்டது. முப்பத்தைந்தில் கருகல் நாற்றம் வந்தது. மூச்சை உள்ளே இழுத்து அங்கேயே நிறுத்துவதுபோல அவளிடமிருந்து ஒரு சத்தம்.

"அம்மா, போர்வை கருகுது!"

புடவையை இழுத்து விடும் சரசரப்பு கேட்டது.

"கருகினா கருகட்டும். நீ எண்ணு."

ஏழு போர்வைகளில் ஒரு நூல்கூடப் பழுப்பேற விடாதவள் அப்படிச் சொன்னது, நாய் இருப்பதைவிட எனக்குப் பயமாக இருந்தது. எண்ணினேன். நூற்றேழு வந்தது. தப்பு என்றாள். மறுபடி எண்ணினேன், ஒவ்வொரு 'டங்'குக்கும் ஒரு சதுரம் தவறியது. நூற்றொன்பது. மூன்றாம் முறை நூற்றெட்டு சரியாக வந்தது. எந்தச் சதுரமும் கருகியிருக்கவில்லை. அதைச் சொல்லத் திரும்பினேன். அம்மா தணல் பெட்டியை எங்கள்மேல் படாமல் ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடி, புடவைத் தலைப்பின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

வெளியே வண்டிக்காரரின் குரல் கேட்டது.

"தங்கச்சி! எறங்காதே! கதவு மேலயே குந்திகினு இரு! நாய் எங்க கீது?"

"எங்களுக்குக் கீழதான் அண்ணே, பீப்பாய் நடுவுல."

நுகத்தடியோடு அவரும், தடிகளோடு இன்னும் இருவரும் வாசலில் தெரிந்தார்கள். மூவருமே உள்ளே வரத் தயங்கினார்கள். நாய் அவர்களைப் பார்த்துவிட்டு மெல்ல வெளியே வந்து கூடத்தின் நடுவில் நின்றது. பின்னங்கால்கள் தள்ளாடின.

"எம்மா, அந்தத் துணிய தூக்கி அது மேல போடு! மொகத்த மூடு!"

நான் போர்வையின்மேல் உட்கார்ந்திருந்தேன். அம்மா பெட்டியை அப்பாவின் வேட்டிமேலேயே வைத்தாள், என்னையும் தங்கையையும் ஒதுக்கினாள், போர்வையை இரு கையாலும் பிடித்து உதறி விட்டாள். படுக்கைக்கு விரிப்பதுபோல அது விரிந்து இறங்கி நாயை முழுதாக மூடியது. மூன்று பேரும் பாய்ந்தார்கள். அந்த அடிகளை மட்டும் நான் எண்ணவில்லை. அம்மா என் காதுகளைப் பொத்தியிருந்தாள்.

எட்டாவது போர்வையில் சுற்றியே நாயைத் தூக்கிப்போய் ஏரிக்கரையில் எரித்தார்கள். வண்டிக்காரரின் மனைவி வந்து எங்களை இறக்கிவிட்டாள்.

"கொயந்தைங்கள கடிச்சிதாம்மா? நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா. ஒண்ணும் இல்ல."

பார்க்கத்தான் செய்தாள். எங்கள் இருவரையும் உரித்த கோழிபோல நிறுத்தி, தலைமுதல் கால்விரல் இடுக்குவரை பார்த்தாள்; சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். பிறகு சமையலறை மூலையில் இருந்த தடுப்புக்குப் பின்னால் போய்த் தானும் குளித்தாள். வழக்கமாக அவளுக்கு ஒன்பது சொம்பு. அன்று முப்பத்தொன்று. வெளியே வரும்போது இடது காலை இழுத்தாள். பீப்பாயில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். சேதி கேட்டு ஓடிவந்த அப்பா கதவைத் தூக்கி மாட்டிவிட்டு, அம்மாவைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். வெளியே வந்தவர் என் தலையில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாளிலிருந்து அம்மா காலை ரயிலில் பட்டணம் போனாள். போர்வை கொடுக்கப் போவதாகச் சொன்னாள். கையில் ஒரு மூட்டை இருக்கும். வண்டிக்காரரின் மனைவி எங்களைப் பார்த்துக்கொள்வாள். மதியம் திரும்பி வரும்போது அம்மா வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு நடப்பாள். மடியில் தலைவைக்கப் போனால் தள்ளிவிடுவாள். அதுவரை தள்ளியதே இல்லை. பட்டணத்து ஓட்டலில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வருகிறாள், எனக்கு ஒன்றும் வாங்கி வருவதில்லை என்று அப்பாவிடம் புகார் செய்தேன். அப்பா என்னை அடிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வெளியே எழுந்து போனார்.

வெறிநாய் கடித்த இடத்தை உடனே சுட்டுவிடுவார்கள், பிறகு நாளுக்கு ஒன்றாக வயிற்றில் பதினான்கு ஊசி போடுவார்கள் என்பதை ஹைஸ்கூலில் என்னோடு படித்த ஒருவன் சொல்லித்தான் அறிந்தேன். அன்று வீட்டுக்கு வந்து, அம்மா கால் கழுவும்போது பார்த்தேன். இடது கெண்டைக்காலில், இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அளவுக்கு, முக்கோணமாக ஒரு பழைய சூட்டுத் தழும்பு இருந்தது.

ஆனால் ஆறு வயதில் எனக்கு உறுத்தியது வேறு. அம்மா பதினான்கு முறை பட்டணம் போய் வந்தாள். ஒன்றைக்கூட விடாமல் எண்ணியிருந்தேன். மீந்த போர்வைகளோ ஏழு. புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்துப் பார்த்தேன். ஒரு போர்வைக்கு இரண்டு நடை: காட்டுவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று. கொட்டை ஒன்றுகூட மிஞ்சாமல் சரியாக வந்தது. பதினைந்தாம் நாள் காலையில் அம்மா எங்கும் போகாமல் அடுப்பை மூட்டினாள். கணக்குச் சரி என்று நினைத்துக்கொண்டு, அவளிடம் ஒன்றும் கேட்காமல் விளையாடப் போனேன்.