லேயர் பிரிந்த தொட்டி

தூத்துக்குடிக்கு அனுப்பிய ஆசிட் தொட்டி பத்தே நாளில் லாரியில் திரும்பி வந்தது. தண்ணீர் ஊற்றிச் சோதித்தபோதே கசிந்ததாம். தொண்ணூறுகளின் கடைசி அது. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் ஃபைபர் பட்டறை; நான் சூப்பர்வைசர். நாணயத்தால் தொட்டியைத் தட்டினேன். நல்ல இடம் 'டங்' என்றது, அடிப்பக்கம் 'பொத்' என்றது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் லேயர் லேயராகப் பிரிந்தது. உள்ளே வெள்ளைத் திட்டு.

முதலாளி கத்தினார். "ஆசிட் ஒழுகி ஆள் மேல பட்டிருந்தா யாருலே ஜெயிலுக்குப் போறது? மேட் போட்டது யாரு?"

"சண்முகத்தாய், மொதலாளி. ரோலர ஒழுங்கா ஓட்டல போல."

வாய் கூசாமல் சொன்னேன். கண்ணாடி இழைகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பைத்தான் மேட் என்போம். அதை மோல்டு அச்சில் விரித்து, ரெசின் என்ற பிசினைப் பூசி, காற்றுக் குமிழ் போக ரோலர் ஓட்ட வேண்டும். அதில் சண்முகத்தாயை மிஞ்ச ஆள் கிடையாது. இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. முதலாளி அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் அளவைப் பார்த்தேன், சரி. ரெசின் பேரல் புதுசு. இன்னொரு ஆள் போட்ட தொட்டியைத் தட்டினேன். அதுவும் 'பொத்'!

மறுநாள் காலை வழக்கம்போல் கொட்டகைக்குள் தண்ணீர் தெளித்தார்கள். எங்கள் கரிசல் தூசி காற்றடித்தால் சோற்றுப்பானை வரைக்கும் வரும். ரெசினில் விழுந்தால் வேலை கெட்டது. அதனால் வாசல் தெளிப்பதுபோல் உள்ளேயும் தாராளமாகத் தெளிக்கச் சொன்னவன் நான்தான். மேட் ரோல்கள் அந்த ஈரத்தரையிலேயே நின்றன. ஒன்றைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அடப் பாவி, ஈரம் குடித்த மேட்டில் ரெசின் எப்படிப் பிடிக்கும்?

இரண்டு துண்டு போட்டு, மூன்று நாள் இறுகவிட்டுப் பார்த்தேன். வெயிலில் காயவைத்த மேட் கல்லாக நின்றது. தரையில் நின்ற மேட் கையாலேயே பிரிந்தது. இரண்டையும் முதலாளி மேஜையில் வைத்து, "தப்பு என் மேலதான்" என்றேன்.

"கூறுகெட்டவனே, போய் அந்தப் பொம்பளையக் கூட்டிட்டு வாலே!"

போனேன். அதற்குள் தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்திருந்த சண்முகத்தாய், வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மேட்டு ஈரமா இருக்குன்னு மூணு தடவ சொன்னேம்லா அண்ணாச்சி. 'பேசாம வேலையப் பாரு'ன்னீங்க."

சொல்லியிருந்தாள். எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"மொதலாளி கூப்பிடுதாரு. வந்திரும்மா."

"வரல அண்ணாச்சி. அங்கன குச்சி ஈரமா இருக்குன்னு சொன்னா, கணக்கப்பிள்ளை கையில வாங்கிப் பாக்காரு."

பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு வேலைக்கு வந்த சூப்பர்வைசர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டலிஸ்ட் அளவைத்தான் முதலில் கேட்பார்கள். நான் சொல்வேன்: அதெல்லாம் டப்பாவிலேயே எழுதியிருக்கிறது, படித்துக்கொள். மேட் போடுகிற ஆள் ஏதாவது சொன்னால், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுப் போய்த் தொட்டுப் பார்.