சூனியக்காரிக்கு அளவெடுத்த சகாயராணி அக்கா

பதினேழு சூனியக்காரிகள், நான்கு பறக்கும் பாம்புகள், வாய் பேசும் வெள்ளாடு ஒன்று. இத்தனை பேரையும் தையல் மிஷின் முன்னால் வரிசையாக நிறுத்தி, ஒருத்தரையும் தப்பவிடாமல் விசாரித்துக்கொண்டே ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்கக்கூடிய ஒரே ஆள், இந்தப் பூமியில் எங்கள் ஊர் சகாயராணி அக்காதான். ரோமாபுரியில்கூட இப்படி ஓர் அதிகாரி கிடையாது. இருந்தாலும் அவருக்குப் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கத் தெரியாது.

இஸ்திரிப் பெட்டியின்மேல் மந்திரக் கதைப் புத்தகத்தைச் சாய்த்து வைத்திருப்பார். கண் அங்கே, கால் மிஷினில். கதையில் யாராவது குதிரையில் தப்பி ஓடினால் மிஷின் தடதடக்கும். யாராவது மறைந்து நின்றால் மெதுவாகும். ஒருநாள் ஐந்து நிமிடமாகச் சத்தமே இல்லை என்று எதிர்வீட்டு ஆட்கள் பதறி ஓடிவந்தார்கள். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஆடு செத்துப்போச்சு” என்றார். வந்தவர்கள், “யாரு வீட்டு ஆடு?” என்று கேட்டார்கள்.

யாரைப் பார்த்தாலும் அளவெடுத்துவிடுகிற கண் அவருடையது. பூசைக்கு நடுவில் ஃபாதருக்குக் கழுத்து பதினைந்தரை என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பார். கதையில் வருகிற தாழை என்ற மந்திரக்காரப் பெண்ணையும் விடவில்லை. “இம்புட்டு நீள அங்கியப் போட்டுக்கிட்டு மலையேற முடியுமாலே? முழங்காலுக்குக் கீழ தடுக்கும். எழுதுனவருக்குத் தையல் தெரியல.”

மந்திரம் வருகிற வரிக்கெல்லாம் அடியில் ஒரு கோடு. பென்சில் போட்டால் புத்தகம் பாவம் என்று, துணிக்குக் குறி போடுகிற சாக்கட்டிதான். கடவுள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் என்றால் வெள்ளை. சும்மா வேடிக்கை என்றால் நீலம். அஞ்ஞானம் என்றால் சிவப்பு. அஞ்ஞானம் என்பது பிற தெய்வ வழிபாட்டுக்கு எங்கள் ஊர் வேதக்காரக் கிறிஸ்தவர்கள் சொல்கிற பழைய வார்த்தை. எந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியாரோ குதிரையில் வந்து விட்டுப்போனது. குதிரை போய்விட்டது, வார்த்தை நின்றுவிட்டது.

இதெல்லாம் அக்கா ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட வேலை இல்லை. சென்னையில் அச்சாபீசில் இருக்கும் ஜேசுராஜ் அண்ணன் திருவிழாவுக்கு வந்தபோது, ஐந்து பாகம் கொண்ட ஒரு மந்திரக் கதையை அந்தோணியார் கோயில் வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வாசகசாலைச் சாவி ஒன்பது வருடமாக அக்காவிடம் இருக்கிறது. முதல் பாகத்தை எடுத்துப் போனது ஆறாவது படிக்கும் ஷீபா. படித்த சூட்டில் முருங்கைக் குச்சி ஒன்றை ஒடித்து, வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரியைப் பார்த்து, “அணைந்து போ” என்று ஆட்டியிருக்கிறாள். அணைந்துவிட்டது. ஆடி மாசம், ஜன்னல் திறந்திருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்றுக்குக் கோழியே பக்கத்து வீட்டில் போய்த்தான் இறங்கும். ஆனால் பழி குச்சிக்குப் போனது.

ஷீபாவின் அப்பா பீட்டர்ராஜ் அண்ணன் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற அன்பியத்துக்குத் தலைவர். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டார். “மந்திரக் கதையெல்லாம் அஞ்ஞானத்துக்கு வாசப்படி. இன்னைக்குக் குச்சிய ஆட்டச் சொல்லும், நாளைக்குக் கெடா வெட்டச் சொல்லும். அஞ்சையும் எரிக்கணும்.” சுற்றுவட்டாரத்தில் எந்தக் கெடா வெட்டு என்றாலும் முதல் பந்தியில் அண்ணனைப் பார்க்கலாம் என்பது தனிக் கதை.

ஃபாதர் ஊருக்குப் புதிது. “எரிக்கிறதுக்கு முன்னாடி யாராவது முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுங்களேன்” என்றார். கூட்டம் முழுக்க அவரவர் செருப்பைப் பார்த்தது. சாவி இருந்த கையில் வேலையும் விழுந்தது. ஒரு மாதம் தவணை. கெட்டது என்று சொன்னால் புத்தகத்துக்குத் தீ, வாசகசாலையில் சப்பரத்துச் சாமான்களை அடுக்கிக்கொள்வார்கள். நல்லது என்று சொன்னால், சகாயராணியே அஞ்ஞானத்துக்குப் போயிட்டா என்று சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

“பேசாம கெட்டதுன்னு சொல்லித் தொலைங்கக்கா” என்று நான் யோசனை சொன்னேன்.

“கெட்டதுன்னு தெரிஞ்சா நானே தீக்குச்சியக் கிழிப்பேன்லே. தெரியாம எப்படிக் கிழிக்கிறது?” என்றார். பிறகு மிஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, “செவமாலை சொல்றப்ப அந்தத் தாழைப் புள்ள நெனப்பு வருது. மாதாவ விட்டுட்டு அவட்ட வேண்டிக்கிருவேனோன்னு பயமா இருக்கு” என்றார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மிஷினில் உட்கார்ந்தவர். கதைப் புத்தகத்துக்காக அழுதது இதுதான் முதல் தடவை என்று அவரே சொன்னார்.

முதல் பாகத்தைத் திறக்கும் முன் தீர்த்தம் தெளித்தார். அட்டை அப்பளம்போல் உப்பிக்கொண்டது. இரண்டாம் பாகத்திலிருந்து கட்டைவிரலால் சிலுவை போடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் தாழை எரிகிற மரத்துக்குள் இறங்கிவிடுகிறாள். அக்கா ஐந்தாம் பாகத்தை எடுக்க ஓடினார். முதல் நாளே கைக்கு வந்த நான்கை அள்ளி வந்தவர், ஐந்தாவதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அலமாரி பூட்டியபடி இருந்தது. புத்தகம் இல்லை.

எடுத்தவன் நான். பெயர் ஸ்டான்லி. பிளஸ் டூவில் மூன்று பாடம் போச்சு, இப்போது மார்க்கையன்கோட்டைப் பக்கம் வாழைத்தார் லோடு ஏற்றுகிறேன். அந்த அலமாரியின் பின்பலகை இரண்டே ஆணியில் நிற்பது ஊரில் எனக்கு மட்டும் தெரியும். என் படிப்பு அந்த மட்டில் உருப்படியானது. எரிக்கிற பேச்சு கிளம்புவதற்கு முன்னால், மாயப் புத்தகம் மாயமானால் அக்கா முழி எப்படிப் போகும் என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். லாரி வர நேரமாகிவிட்டது. வாழையிலைக் கட்டின்மேல் உட்கார்ந்து ஒரு பக்கம் புரட்டினேன். பள்ளிக்கூடத்தில் எந்தப் புத்தகத்திலும் மூன்றாம் பாடத்தைத் தாண்டாத எனக்கு லாரி வந்ததே தெரியவில்லை. டிரைவர் ஆரன் அடித்துப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து காதைப் பிடித்தார்.

அதற்குள் எரிக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. திரும்ப வைக்கவில்லை. புத்தகத்தைக் காப்பாற்றினேன் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். இன்னும் எண்பது பக்கம் பாக்கி இருந்தது.

அக்கா என்னிடமும் கேட்டார். “பாடப் புத்தகத்தையே தொடாதவன், இதப் போயித் தொடுவேனாக்கா?” என்றேன். என்னை மேலும் கீழும் அளவெடுத்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்றார். தப்பித்தேன். கொஞ்சம் வலித்தது.

நான்கு பாகத்திலும் சேர்த்து நீலக்கோடு இருநூறுக்குமேல். சிவப்பு ஒன்றே ஒன்று. தாழை மரத்தடியில் பூ வைத்துக் குச்சியை ஆட்டுகிறாள், மரம் நெருப்பைக் கக்கி எதிரிப் படையை எரிக்கிறது என்கிற இடம். மரத்தைக் கும்பிடுவது அஞ்ஞானம்தானே என்று அக்காவுக்குச் சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க யாரும் போகாத இடத்துக்குப் போனார். தெற்குத் தெரு சங்கிலியம்மாள் வீட்டுக்கு. ஜக்கம்மா கோயிலுக்கு விளக்குப் போடுகிறவர், அக்காவிடம் ஜாக்கெட் தைக்கிறவர். “தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு, வாலே” என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

சங்கிலியம்மாள் மொச்சை உரித்துக்கொண்டே அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டார்.

“அந்தப் புள்ள வெரதம் இருந்துச்சா?”

“இல்ல மதினி.”

“பொங்க வச்சுச்சா?”

“இல்ல.”

“எதாச்சும் நேந்துக்கிருச்சா?”

“நேந்துக்கவே இல்ல மதினி. குச்சிய ஆட்டுனா, வந்துருச்சு.”

“அப்ப இது சாமி இல்லத்தா, சுவிச்சு. போட்டா எரியுது, அமத்துனா அணையுது. நான் முப்பது வருசமா ஜக்கம்மாட்ட மழ கேக்கேன். அவளுக்காத் தோணுனாக் குடுக்கா, இல்லாட்டி வாயத் தொறக்க மாட்டா. நானும் மறுவருசம் போயி நிக்கேன். குச்சிய ஆட்டுனதும் ஓடியாந்து நிக்க அவ என்ன லோடுமேனா?”

கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார்.

“ஆமா, இத எதுக்கு எங்கிட்ட வந்து கேக்க?”

“அஞ்ஞானமா இல்லையான்னு பாக்கணுமாம் மதினி.”

“அதென்னது அஞ்ஞானம்?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையில் இருந்த அணிலைப் பார்த்தேன்.

“அது... நீங்கதான் மதினி.”

மொச்சை உரிக்கிற கை நின்றது. “செவ்வாக்கெழம தவறாம உங்க அந்தோணியாருக்கு உப்பும் மொளகும் போடுறேனே. அப்பயும் நான் அதுதானா?”

சங்கிலியம்மாள் முறத்தை அக்கா பக்கம் நகர்த்தினார். “வந்தது வந்துட்ட, ஒரு கை உரிச்சுட்டுப் போ.”

அக்கா ஒரு கை அல்ல, முறம் காலியாகும்வரை உரித்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிவப்புக் கோட்டை முந்தானையால் துடைத்தார்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம். அக்கா எழுந்தார்.

“நாலு பாகம் படிச்சேன் ஃபாதர். ஆசையாத்தான் இருந்துச்சு, அத மறைக்கல. அவுக சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு அவுகளே சொல்லிட்டாக. நம்ம சாமிக்கும் இல்ல. அவுகளும் கேக்குறாக, நாமளும் கேக்குறோம், கெடைக்காட்டியும் மறுபடி போயி நிக்கிறோம். இந்தப் புள்ளைக்குக் கேக்கவே தெரியல, பாவம். கையில குச்சி மட்டும் இருக்கு. கதைன்னு படிச்சாக் கதைதான்.”

ஃபாதர் தலையாட்டினார். பீட்டர்ராஜ் அண்ணன் விடவில்லை. “எல்லாஞ் சரித்தா. அஞ்சாவது எங்கன? பூட்டு ஒடையல, சாவி ஒங்கிட்ட. சாத்தான் வேல இல்லேனா, பொறகு யாரு வேல?”

கொட்டகைக்குள் குசுகுசுப்பு பரவியது. யாரோ, “சாவிய வாங்கி வையிங்கப்பா” என்றார்கள். அக்கா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். இந்த இடத்தில் நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கால் எழுந்தது. வாய் எழவில்லை.

“போனாப் போகுதுண்ணே” என்றார் அக்கா. “அஞ்சாவதுல என்ன இருக்கப்போகுது? அந்தத் தாழைதான் நெருப்புல எறங்கிச் செத்துப்போச்சே. சாம்பலப் பத்தியா நானூறு பக்கம் எழுதிருக்கப் போறாக?”

“சாகலக்கா!” இப்போது வாய் எழுந்துவிட்டது. “மூணாம் நாளு மரத்தப் பொளந்துக்கிட்டு வெளிய வாரால்ல!”

கொட்டகை முழுக்க என் பக்கம் திரும்பியது. மூன்றாம் நாள் என்றதும், ஈஸ்டர் பூசை ஞாபகம் வந்ததுபோல் ஃபாதரின் புருவம் ஏறியது. அக்கா மட்டும் திரும்பவே இல்லை.

“எத்தனாவது பக்கத்துலலே?”

“நூத்தி நாப்பத்தி ரெண்டு.”

முதலில் சிரித்தது ஷீபா. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. “ஏலே, சாத்தான் நீதானா?” என்றார் பீட்டர்ராஜ் அண்ணன். பின்பலகை, ஆணி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஃபாதர் சாவியை மேஜையோடு தள்ளி அக்கா பக்கம் விட்டார்.

அக்கா நேராக என்னிடம் வந்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன். விழவில்லை. அந்த நிம்மதியில், செய்த பாவத்துக்கு ஏதாவது ஈடு செய்யலாமே என்று, “வெளிய வந்தவ நேரா எங்கன போறான்னா அக்கா...” என்று ஆரம்பித்தேன்.

அக்கா கண்ணை இறுக்க மூடி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.