ஊசி போட்ட மாதங்கள்

குற்றாலத்து வீட்டின் கொல்லையில் என் கணவர் பெண் குரங்குகளைக் கூண்டில் வளர்த்தார். அவர் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். மாதந்தோறும் நான் விலகி உட்காரும் அறையும் அந்தக் கொல்லையில்தான் இருந்தது. குரங்குகளுக்கும் நம்மைப் போல மாதவிலக்கு உண்டு என்பதை அங்கே உட்கார்ந்துதான் கண்டேன். வெட்கமாக இருந்தது, கொஞ்சம் துணையாகவும் இருந்தது.

அவற்றில் ஒன்றுக்கு அவர் தினமும் கருமுட்டை விளையும் சூலகத்தின் சாற்றை ஊசியில் ஏற்றினார். அதற்கு விலக்கு நின்றுபோயிற்று. கர்ப்பமா என்று கேட்டேன்.

"இல்ல. மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி இருக்கு. சூலகத்த வேல வாங்குதது அதுதான். சூலகச் சாறு ரத்தத்துல நெறஞ்சிருந்தா, போதும்னு அது ஓஞ்சிரும். ஊசி போடுத வரைக்கும் விலக்கு வராது. நிறுத்தினா வந்துரும்" என்றார். அப்படியே வந்தது.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு இரண்டாந்தாரமாக வடகரையில் ஒரு பெண்ணை அத்தை பார்த்து வைத்திருந்தாள். கடைசி முயற்சியாகத் தென்காசி டாக்டர் ஒருவர் எனக்கு ஊசி போடத் தொடங்கினார். அந்த மாதம் நான் விலகி உட்காரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த அறை காலியாகக் கிடந்தாலே தெரு முழுக்கச் சேதி போய்விடும்.

"ஏட்டி, இனிமே நீ குடம் தூக்கப்பிடாது" என்று அத்தை என் தலையில் பூ வைத்தாள். இலஞ்சி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். பெண் வேண்டாமென்று வடகரைக்கு ஆளனுப்பினாள். அவர் அல்வா வாங்கி வந்தார். நான் அதைத் தின்னாமல் கொல்லைக்குப் போய், ஊசி போட்ட குரங்கின் கூண்டு முன்னால் நின்றேன்.

அன்று மாலை அவரிடம் கேட்டேன்: "எனக்குப் போடுத மருந்தும் கொரங்குக்குப் போட்ட மருந்தும் ஒண்ணுதானா?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஒண்ணுதான். அம்மா சிரிச்ச சிரிப்பப் பாத்து நானும் நம்பிட்டேன்."

படித்த மனுஷர். ஆனாலும் அவர்மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. அந்த இரண்டு மாதமும் நானுந்தான் வயிற்றைத் தடவிக்கொண்டு படுத்தேன்.

ஊசியை நிறுத்தினோம். சில நாளில் வந்துவிட்டது. கொல்லை அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அத்தை வாசலில் வந்து நின்றாள். அந்த நாட்களில் என் பக்கமே வராதவள், உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அழுதது உண்மை. மறுவாரம் அவரைக் கூட்டிக்கொண்டு வடகரைக்குப் போனதும் உண்மை.